சால்வை முனையில் ஒரு பாக்கு

வைகாசிப் பொங்கலுக்குப் வீடு வீடாகப் பாக்குத் தெண்டி வாங்கப் பூசாரியார் அன்று எங்கள் வரிசைக்கு வருவார் என்று, விடியவே வாசல் படலையைத் திறந்துவிட்டு நானும் மனைவியும் மகளும் காத்து நின்றோம். மகளின் கையில் தட்டம். அதில் வெற்றிலை, பாக்கு, இரண்டு நந்தியாவட்டைப் பூ. வந்தது பூசாரியார் அல்ல, அவருடைய மருமகன். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு சொன்னான்.

"மாமா போயிட்டார், அண்ணை. நேற்று வாய்க்கால் கரை வரைக்கும் தெண்டினவர். நாளைக்கு உங்கட பக்கம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் படுத்தவர், எழும்பேல்லை."

மகள் தட்டத்தைக் கீழே வைக்கவில்லை. எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

கந்தையாப் பூசாரியாரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்து அத்திவாரத்தைப் பலப்படுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செய்த பெரிய பிழையை அவர் பொறுத்தார், அதைத்தான் எழுதப்போகிறேன்.

குளத்தருகே இருக்கும் எங்கள் கண்ணகை அம்மன் எந்தக் காலத்தவள் என்று சொல்ல ஆள் இல்லை. குளம் கட்டியவர்களுக்கு முந்தியவள் என்பார்கள். அங்கே மந்திரம் கிடையாது. பூசாரியார் வெள்ளைச் சீலையால் வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே போவார். பூசை முடிந்து அவிழ்க்கும் வரை ஒரு சொல் பேசமாட்டார். பொங்கலுக்கு முன் அவர் வீடு வீடாகப் போய்ப் பாக்குத் தெண்டுவார். பாக்குக் கொடுத்த வீடுதான் கோயில் முற்றத்தில் அடுப்பு வைத்துப் பொங்கலாம். தெண்டப் போனவர் வாய் திறந்து கேட்பதுமில்லை, கடந்து போன படலைக்குத் திரும்பி வருவதுமில்லை. பழைய ஊரவர்களுக்கு இது தாய்ப்பாலோடு தெரிந்த சங்கதி. இங்கே காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்களுக்கு யார் சொன்னது?

நாங்கள் வந்து மூன்றாம் வருடம்; அதுவரை எங்கள் வரிசைக்கு யாரும் தெண்ட வந்ததில்லை. ஒரு நாள் காலை, வெறும் மேலும் வெறுங்காலுமாக ஒரு மனிதர் படலையில் வந்து நின்றார். தோளில் ஒரு பை. ஒன்றும் பேசாமல் கையை ஏந்தினார். நான் தருமவான் அல்லவா? அன்று காலை துவைத்துக் கொடியில் போட்டிருந்த என் பழைய சால்வையை உருவிக்கொண்டு போய், "இந்தாருங்கோ அப்பு, வெயிலுக்குப் போர்த்துக்கொள்ளுங்கோ" என்று அந்தக் கையில் வைத்தேன். அவர் சால்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த படலைக்கு நடந்தார். அன்று பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் இதை நானே பெருமையாகச் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் ஏன் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

கிணற்றடியில் விசயம் கேள்விப்பட்டு வந்த மனைவிதான் விளங்கப்படுத்தினாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் பிச்சை போட்டது ஆருக்கெண்டு தெரியுமோ? அம்மாளாச்சிக்கு."

பிறகு பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். மகளுக்கு அப்போது ஏழு வயது. குலைப்பன் காய்ச்சலில், மலேரியாவில், இரண்டு மாதமாக நடுங்கிக் கிடந்தாள். ஆஸ்பத்திரி மருந்தும் குடித்தாயிற்று, நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியார் கசாயமும் குடித்தாயிற்று. இந்த வைகாசிக்குப் பானை வைத்துப் பொங்குகிறேன், பிள்ளையை எழுப்பித் தா என்று தாய் நேர்ந்திருந்தாள். அந்தப் பானைக்கு வழி இல்லாமல் செய்தவன் தகப்பன்.

இருந்தாலும் பொங்கலன்று போனோம். பிள்ளையை நான் தோளில் போட்டுக்கொண்டேன். மனைவி புதுப்பானையைச் சுமந்தாள். முற்றத்தில் மூன்று கல்லை வைக்கக் குனிந்ததுதான் தாமதம், ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்துவிட்டார்.

"உங்கட வீட்டுப் பாக்கு விழேல்லை. அடுப்பு வைக்கேலாது."

"பூசாரியாருக்குப் பிச்சை போட்ட வீடு இதுதானோ?" என்று பின்னால் ஒரு குரல். "யாழ்ப்பாணத்தில அம்மாளுக்குச் சால்வையோ தம்பி சாத்திறவை?"

சிரிப்பு எழுந்தது. என் மனைவி பானையை இறக்காமல் அப்படியே நின்றாள். 

பூசாரியார் உள்ளிருந்து வந்தார். ஒரு கையில் வாய் கட்டும் சீலை, மறு கையில் என் பழைய சால்வை. சால்வை முனையில் ஒரு முடிச்சு. எல்லாரும் பார்க்க அதை அவிழ்த்தார். உள்ளே பாதிப் பாக்கு.

"பாக்கு விழுந்திருக்கு," என்றார். "பிள்ளையின்ர பானையை முதல் அடுப்பில ஏத்துங்கோ."

அடுத்த கணம் சீலையை வாயில் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாய் கட்டியவரிடம் யார் கேள்வி கேட்பது? பூசை முடிவதற்குள் பானை பொங்கிவிட்டது.

நான் வெற்றிலை போடுகிறவன் அல்ல. துவைத்துக் காயப்போட்ட சால்வையில் பாக்கு முடிந்திருக்க எந்த நியாயமும் இல்லை. சில வருடம் பொறுத்து, தனியே அகப்பட்ட ஒரு நாளில் கேட்டேன்.

"அப்பு, அந்தப் பாக்கு எங்கால வந்தது?"

"நீ உன்ர வேலையைப் பார். அம்மாளோட நான் கதைச்சுக்கொள்ளுறன்."

அதன்பின் ஒவ்வொரு வருடமும் எங்கள் வரிசைக்கு வந்தார். குடியேறிய எங்களையும் சேர்க்க வேண்டும் என்று ஊரவர் சொல்லைத் தாண்டி நடந்தவர் அவர்தான் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் தெரியவந்தது. கடைசிக் காலத்தில் முழங்கால் வீங்கி, வயல் வரம்பில் குந்திக் குந்தித்தான் வருவார். நான் என் ஆறாம் வகுப்பு மூளையைப் பாவித்து, நெடுங்கேணி அச்சுக்கூடத்தில் நோட்டீஸ் அடித்து வீட்டுக்கு வீடு கொடுத்துவிடுவோமே என்று யோசனை சொன்னேன்.

"நோட்டீசுக்குத் தண்ணி விடாய்க்குமோ தம்பி? உன்ர வீட்டில வந்து ஒரு செம்பு வாங்கிக் குடிக்குமோ?"

போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தேன்.

செத்தவீட்டில் அவருடைய தங்கச்சி, அந்த வயதுபோன மனுசி, என் மகளைக் கிட்டக் கூப்பிட்டு முகத்தைத் தடவினார். பிறகு என்னிடம் சொன்னார்:

"இவளின்ர பானை பொங்கின வருசத்தில இருந்து அண்ணர் பொங்கச்சோறு வாயில வைக்கேல்லை. பத்து வருசம். ஏனெண்டு கேட்டால், 'சந்நிதானத்தில ஒரு பொய் சொல்லிப்போட்டன், இந்த வாய்க்கு அது போதும்' எண்டுவார். என்ன பொய்யெண்டு எனக்குச் சொல்லேல்லை."

நான் எழுந்து வெளியே போய் நின்றேன். பத்து வருடமாக அந்த முற்றத்தில், எனக்குத்தான் முதலில் என்பதுபோல், வாழையிலையில் பொங்கல் வாங்கித் தின்றிருக்கிறேன். போதாது என்று இரண்டாம் தரமும் கேட்டிருக்கிறேன். எல்லாருக்கும் அள்ளிப் போட்டுக்கொண்டு நின்ற மனிதர் தன் பங்கைத் தின்றாரா என்று ஒருநாள் பார்க்கவில்லை.

திரும்பி உள்ளே வந்தேன். அவருடைய தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். பூசைக்குப் போக ஆயத்தமானவர் மாதிரியே கிடந்தார்.

ஒரு சங்கதி அவருக்கும் நான் சொன்னதில்லை. அந்தப் பொங்கலுக்குப் பிறகு நான் வாங்கிய சால்வை எதிலும் ஒரு முனையில் பாக்கு முடிந்து வைக்காமல் விட்டதில்லை. பாக்குத் தின்னாதவனுக்கு இதென்ன கோலம் என்று மனைவிகூடச் சிரிப்பாள். அவர் எனக்காகச் சொன்ன சொல்லை, பிந்தியாவது மெய்யாக்கி வைக்கலாம் என்றுதான். அன்று என் தோளில் கிடந்த சால்வையின் முடிச்சை அவிழ்த்துப் பாக்கை அவர் கைக்குள் வைத்து விரல்களை மூடினேன். எங்கள் வீட்டுப் பாக்கு, அப்பு. இந்த வருடத்துக்கு.

சாவுத் துடக்குக் கழிந்து பொங்கல் நடக்கும்போது, வாய்க்கால் கரையில் அவர் விட்ட இடத்திலிருந்து மருமகன் நடந்து வருவான். படலை திறந்துதான் இருக்கும். ஒரு செம்பு தண்ணீரும் வைத்திருப்பேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது சால்வை முனையில் அந்த முடிச்சு ஒன்றுதான்; வீட்டுக்கு வந்ததும் வேறொரு பாக்கு எடுத்து முடிந்துகொண்டேன். ஆனால் இந்த முறை பொங்கச்சோற்றை என்னால் வாயில் வைக்க முடியுமா என்று தெரியவில்லை.