செல்லியம்மாள் விட்டுவிட்டு வந்த சாமான்கள்

செல்லியம்மாளும் அவள் புருஷன் கொளஞ்சியப்பனும் வடக்கனந்தலில் ஓட்டு வீடு வாங்கியது எண்பத்தெட்டாம் வருஷம். கரும்பு வெட்டியும் கல் சுமந்தும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வீடு. விற்ற இருசப்பன் எலவனாசூர்கோட்டைக்குக் குடிபோகும்போது சாவியைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான். பல்பு இல்லை, பல்பு மாட்டுகிற ஹோல்டரும் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை. கொல்லையில் துவைக்கிற கல்லைப் பெயர்த்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, தவளை ஒன்று குடியேறியிருந்தது. முதல் ஒரு வாரம் கதவுக்குக் கடப்பாரையை முட்டுக்கொடுத்துத்தான் படுத்தார்கள்.

"நாம இந்த வூட்ட என்னிக்கு வித்தாலும் வர்றவங்கள இப்பிடித் தவிக்க வுடக் கூடாது," என்றாள் செல்லியம்மாள்.

"வாங்கி மூணு நாளு ஆவல, அதுக்குள்ள விக்கிற பேச்சு!" என்று சிரித்தான் கொளஞ்சியப்பன்.

விற்க இருபத்தோரு வருஷம் ஆனது. அப்போது கொளஞ்சியப்பன் இல்லை. செல்லியம்மாளின் முழங்கால் கரும்புக் கொல்லைக்கு இனி வரமாட்டேன் என்றுவிட்டது. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை கிடைத்தது. பின்னாலேயே தங்க ஓர் அறையும் கொடுத்தார்கள். பூட்டிக் கிடந்தால் ஓடு சரிந்துபோகும் என்று வீட்டை விற்க முடிவு செய்தாள். களமருதூரிலிருந்து வந்த காசிநாதன் வாங்கிக்கொண்டான். டிராக்டர் ஓட்டுகிறவன், மரியாதையான ஆள்.

பத்திரம் எழுதும்போது எழுதுகிறவரிடம் செல்லியம்மாள் கேட்டாள்: "ஐயா, வூட்டுல எதெது என்னுது, எதெது அவங்களுது?"

அவர் கண்ணாடியைத் தூக்கி அவளைப் பார்த்தார். முப்பது வருஷத் தொழிலில் சண்டை வருவதற்கு முன்பே இதைக் கேட்ட ஆள் இவள்தான் போலிருந்தது. "சொவத்துல அடிச்ச ஆணி வூட்டோட சேர்ந்தது. ஆணில மாட்டுனது உன்னுது. புரிஞ்சுதா?"

நன்றாகப் புரிந்தது. ஆனால் அவள் கணக்கு அதைவிடத் தாராளம். ஆணியோடு ஆணியில் தொங்கிய முகம் பார்க்கிற கண்ணாடியையும் விட்டாள். பல்பு இரண்டையும் விட்டாள். துணி காயப்போடுகிற நைலான் கொடி, ஆட்டுக்கல், அவளே போட்ட துவைக்கிற கல், எல்லாம் இருக்கட்டும் என்று விட்டாள். குடிவருகிறவர்களுக்கு நல்லதாக இருக்கட்டும் என்று அடுப்பு மேடையில் ஒரு படி உப்பும் ரெண்டு மஞ்சள் கிழங்கும் வைத்தாள். புதுசாக ஒரு விளக்குமாறு வாங்கி மூலையில் சாத்தினாள். குடத்தில் தண்ணீர் நிரப்பி மூடினாள்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் இதையெல்லாம் வேலியோரம் நின்று பார்த்தாள். "அந்தத் தொவைக்கிற கல்ல எனுக்குக் குடுத்துட்டுப் போயேன். கண்ணாடியாவது குடு," என்றாள்.

"அதெல்லாம் வாங்குனவங்களுதுக்கா," என்று செல்லியம்மாள் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை காசிநாதனின் மனைவி பாப்பாத்தி பால் பாத்திரத்தோடு வந்து கதவைத் திறந்தாள். உப்பு, மஞ்சள், தண்ணீர்க் குடம், கண்ணாடி, புது விளக்குமாறு. வைத்த கால் வைத்தபடி நின்றாள். விற்றவர்கள் இவ்வளவையும் விட்டுவிட்டுப் போனதாக அவள் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. இந்தப் பொம்பளை என்ன மாதிரி ஆள் என்று பெரியம்மாளிடம் விசாரித்தாள்.

"எனுக்கு இன்னாடி தெரியும்?" என்றாள் பெரியம்மாள். "இருவது வருசம் பக்கத்துல கெடந்தேன். எனுக்கு ஒரு துரும்பு குடுக்க மனசு வரல. மொகம் தெரியாத ஒங்களுக்கு எல்லாத்தையும் வுட்டுட்டுப் போயிருக்கறா. புருசனுக்கப்புறம் அவளுக்குக் கஷ்டம் ஜாஸ்தி. அத எங்கியாவது எறக்கி வெக்கத்தான வேணும்?"

பாப்பாத்தி உள்ளே பாலைக் காய்ச்சவேயில்லை.

நாலாம் நாள் காசிநாதன் மண்டபத்துக்கு வந்தான். செல்லியம்மாள் மணமேடையில் சிந்திய அட்சதையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க சாமானையெல்லாம் வந்து எடுத்துக்கினு போயிடுங்க."

"அது உங்களுது தம்பி. வேணாம்னா தூக்கி எறிஞ்சிடுங்க."

"பாப்பாத்தி கை வெக்கவே பயந்துக்கினு கீறா. வெச்சவங்க கையாலதான் எடுக்கணுமாம்." அவன் வேறு எங்கோ பார்த்தான். "நான் இதெல்லாம் நம்பறது இல்லக்கா. ஆனா நாலு நாளா ஓட்டல் சோறு."

செல்லியம்மாளுக்குக் காது சூடாகிவிட்டது. செய்வினை வைத்தேன் என்கிறார்களா? திட்ட வாயைத் திறந்தாள். அவன் முகத்தில் வாட்டம் தெரிந்தது, மூடிக்கொண்டாள். வண்டி வாடகையை அவனே கொடுக்கிறான் என்றதும் குட்டியானை வண்டி ஒன்றில் ஏறிப் போனாள்.

பாப்பாத்தி தெருவிலேயே நின்றுகொண்டு கை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தப் பல்பு... கொடியும்... அந்த மூலையில பாருங்கக்கா." செல்லியம்மாள் ஒவ்வொன்றாக எடுத்தாள். கண்ணாடியை எடுத்ததும், "அந்த ஆணி?" என்றாள் பாப்பாத்தி.

"ஆணி வூட்டோட சேர்ந்ததுன்னு பத்திரம் எழுதுறவரே சொன்னாரு."

"எங்களுக்கு வாணாங்கக்கா."

வண்டிக்காரனிடம் சுத்தியல் வாங்கிப் பதினாலு ஆணியையும் பிடுங்கினாள். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது: "ஆணியக்கூட வுடாம புடுங்கிக்கினு போறா பாரு. இருசப்பனே தேவல." செல்லியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பாள்.

துவைக்கிற கல்லை மட்டும் வண்டியில் ஏற்ற முடியவில்லை. "பாவம், கால் முடியாதவ நீ. எங்க கொல்லையிலயே தள்ளிட்டுப் போ," என்றாள் பெரியம்மாள். எந்தச் செய்வினைக்கும் அவள் பயந்ததாகத் தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து மண்டபத்துக் கல்யாணம் ஒன்றுக்குப் பாப்பாத்தி பட்டுப் புடவையில் வந்திருந்தாள். கைகழுவும் இடத்தில் செல்லியம்மாளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா கீறீங்களாக்கா? வூடு ரொம்ப ராசியான வூடுங்க. அவுரு சொந்தமா டிராக்டர் வாங்கிட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மொதல்லதான் கஷ்டப்பட்டோம். சட்ட மாட்டக்கூட எடம் கெடையாது. துணி தொவைக்க இன்னிக்கும் பெரியம்மா வூட்டுக்குத்தான் போறேன். ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நான் வுட்டுக் குடுக்கறதில்ல. 'இல்லாதவங்க, வழிச்சு எடுத்துக்கினுதான் போவாங்க, அதுல இன்னா தப்பு?'ன்னு கேட்டுடுவேன்."

செல்லியம்மாளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தாள். உள்ளே இலை போடுகிற சத்தம் கேட்டது.

"மூணாவது பந்தி ஒக்காருது. போய் எடம் புடி, போ," என்று சொல்லிவிட்டு, கீழே சிந்தியிருந்த தண்ணீரைத் துடைக்கக் குனிந்தாள்.