கோமதி அக்காவின் குலவையும் குட்டைக்கால் நாய்களும்

வெள்ளிக்கிழமை காலை நம் கோயில் மடப்பள்ளியில் எலுமிச்சை சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது கோமதி அக்காவின் மகன் சரவணன் போனில் கூப்பிட்டான். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றான். அடுப்பில் கடுகு கருகிவிட்டது. வேறு எண்ணெய் வைத்துத் தாளித்து, அம்பாளுக்கு நைவேத்தியம் அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். "சாமி பசியோட நிக்கும்போது நாம என்னத்துக்கு அழணும்" என்பது கோமதி அக்காவின் வாக்கு.

இந்த மடப்பள்ளியில் அவரோடு கரண்டி பிடித்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? மளிகைக் கணக்கை நான் நீட்டினால் பார்க்காமலே, "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். உளுந்து மட்டும் கொஞ்சம் கூட வாங்கு" என்பார். ஆனால் அவருடைய குலவையை உங்களில் பெரும்பாலோர் கேட்டதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் பொங்கல் பானை பொங்கும்போதும் அம்மனுக்குத் திரை விலகும்போதும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிடுவார்கள். "நல்லதுக்கும் குலவை, கல்யாணச் சாவுக்கும் குலவை" என்பார் அக்கா. நிறைவாக வாழ்ந்து போனவர்களையும் ஊரில் அப்படித்தான் வழியனுப்புவார்களாம். அவர் ஊரை விட்டு இந்த நாட்டுக்கு மகனிடம் வந்த புதிதில், இர்விங் அடுக்குமாடி வீட்டில் பொங்கல் வைத்தார்கள். பால் பொங்கியது. அக்கா ஊரில் விடுவது போலவே விட்டார். சற்று நேரத்தில் கதவைத் தட்டி இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். யாரோ பெண் ஆபத்தில் அலறுவதாக அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். சரவணன்தான் பயந்துவிட்டான். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். "அம்மா, இனிமே இது வேண்டாம்மா" என்றான்.

அக்கா அதோடு குலவையை நிறுத்திவிட்டார். ஃபிரிஸ்கோவில் சொந்த வீடு வாங்கிப் பால் காய்ச்சியபோதும் வாயைத் திறக்கவில்லை. "பால் பொங்கிச்சு, யாருக்குமே தெரியல" என்று என்னிடம் மட்டும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பிறகு ஒரு கோடையில் சரவணன் எங்களை, அதாவது அக்காவையும் என்னையும் என் கணவரையும், ஒரு பழைய ஊருக்குக் காரில் கூட்டிப்போனான். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர் அது. வருடந்தோறும் அங்கே ஒரு திருவிழா நடக்கிறது. நான் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்ற முடிவோடுதான் போனேன். போய்ப் பார்த்தால் நம் ஊர்ப் பங்குனித் திருவிழாதான். ராட்டினம் சுற்றியது. மரப்பீப்பாயை உருட்டிக்கொண்டு ஆண்கள் ஓடினார்கள். பெரிய கண்ணாடிக் குவளை நிறைய பீரை நிரப்பி, நீட்டிய கை மடங்காமல் யார் அதிக நேரம் பிடிக்கிறார்கள் என்று ஒரு போட்டி. "குடிக்காம பிடிச்சிட்டு நிக்கணும்னா உங்க வீட்டுக்காரரு நிக்க மாட்டாருளா" என்று அக்கா என் காதில் சொன்னது என் கணவருக்கும் கேட்டுவிட்டது.

தகரக் கூரை போட்ட மண்டபத்தில் ஆட்டத்துக்காகப் பலகை மேடை அமைத்திருந்தார்கள். தோல் அரைக்கால்சட்டையும் இறகு செருகிய தொப்பியுமாக ஒரு பெரியவர் மார்பில் மாட்டிய துருத்திப்பெட்டியை விரித்தும் மடக்கியும் வாசிக்க, ஜோடி ஜோடியாக ஆடினார்கள். அக்கா மேடை ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். "இங்க கழட்ட வேண்டாம்மா" என்றான் சரவணன். "வாத்தியம் வாசிக்கிற இடம்லே. செருப்போட ஏறலாமா?" நானும் கழற்றினேன். அதைப் பார்த்து ஒரு சிறுமி தன் பூட்ஸைக் கழற்றினாள். அவள் அம்மாவும் கழற்றினாள். ஆட்டத்தில் இது ஏதோ முறை என்று நினைத்தார்கள் போல. பாட்டு முடிவதற்குள் மேடை ஓரம் கோயில் வாசல் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் துருத்திப்பெட்டிக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து தம் பூட்ஸைக் கழற்றினார். அக்கா கும்மி கொட்ட, அவர்கள் தங்கள் ஆட்டத்தை ஆட, தாளம் மட்டும் தப்பவே இல்லை.

நாங்கள் மரத்தடியில் புளியோதரையைப் பிரித்தபோது அந்த மேடையில் ஓர் இளைஞன் ஒலிபெருக்கி முன் நின்று குரலைச் சட்டென்று உச்சிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாகப் பாடினான். அக்கா கையில் எடுத்த உருண்டையை அப்படியே வைத்துவிட்டார்.

"ஏளா மீனா, இவன் என்னத்துக்குக் குலவை விடுதான்?"

"குலவை இல்லக்கா. யோடல்னு பேராம். மலையில மாடு மேய்க்கிறவங்க அந்த மலைக்கும் இந்த மலைக்கும் கூப்பிட்டுக்கற சத்தம். போட்டி நடக்கறது."

"ஆம்பிளையே விடுதான். போலீஸ் வரலையே?"

சரவணன் தலையைக் குனிந்துகொண்டான். இன்னும் யாராவது வருகிறீர்களா என்று துருத்திப்பெட்டிக்காரர் கேட்டார். நான் எழுந்து அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கினேன். "அம்மா, வேண்டாம்மா. எல்லாரும் பாப்பாங்க" என்றான் சரவணன். அக்கா எலுமிச்சை பானக் கடையைக் காட்டினார். அங்கே சீருடையில் ஒரு போலீஸ்காரர் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"போலீஸே நின்னு கேக்கான்லே. நீ சும்மா இரு."

செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினார். கிழக்குப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். வாயருகே கையை வைத்தார்.

நான் குலவை கேட்டு வளர்ந்தவள் இல்லை, எனக்குச் சென்னை. ஆனாலும் அத்தனை வருடம் உள்ளே கிடந்தது மொத்தமும் அன்று வெளியே வருகிறது என்று தெரிந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. பேச்சு நின்றது. பக்கத்துத் திடலில் குட்டைக்கால் நாய்களின் ஓட்டப்பந்தயத்துக்கு நாய்களைக் கோட்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள். விசிலுக்குக் காத்திருந்த அத்தனையும் இதுதான் விசில் என்று எடுத்துக்கொண்டு ஊளையிட்டபடி பாய்ந்தன. பாதி நாய்கள் பந்தயக் கோட்டைத் தாண்டி மேடைக்கே வந்துவிட்டன. அக்கா மூச்சு முடியும்வரை நிறுத்தவில்லை.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். இது யோடல் ஆகாது என்றார்களாம். பரிசு தராமலும் இருக்க முடியாது என்றார்களாம். துருத்திப்பெட்டிக்காரர் தம் இறகுத் தொப்பியைக் கழற்றி அக்கா தலையில் வைத்தார். எந்தச் சமயத்தில் இந்தச் சத்தம் எழுப்புவீர்கள் என்று அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். "சந்தோஷம் வாயில அடங்காதப்பன்னு சொல்லு" என்றார் அக்கா. திரும்பும் வழியெல்லாம் தொப்பியைக் கழற்றவில்லை. எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். "வெக்கப்பட்டா நாக்கு ஆடாதுளா" என்றார். அன்றைக்கு எனக்கு ஆடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரை வழியனுப்பிய கூடத்தில், நாற்காலிகளில் எல்லாரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். படத்தருகே சரவணன் அந்தத் தொப்பியை வைத்திருந்தான். உடலை எடுக்கும் நேரம் வந்தது. அவன் என் பக்கம் வந்தான்.

"ஆன்ட்டி, ஊர்ல அம்மாவ இப்படி அமைதியா அனுப்ப மாட்டாங்க. நான்தான் அன்னிக்கு வேண்டாம்னு..."

அவனை முடிக்க விடவில்லை. அம்பாளை நினைத்து வாயருகே கையை வைத்தேன். குலவையாகத் தொடங்கியது, பாதி வழியில் குரல் உடைந்து அந்த யோடலாக மாறிவிட்டது. சரவணன் என்னைப் பார்த்தான். அழுத முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு அவனே கையை வாயருகே வைத்தான். அவன் விட்டது அக்காவின் குலவை, அச்சு அசல். சின்ன வயதில் ஊரில் கேட்டது நாக்கில் இருந்திருக்கிறது. ஆம்பிளையே விட்டான்.

கூடத்துப் பணியாளர் பதறிக் கதவைத் திறந்தார். "யாருக்கும் ஒன்றும் இல்லை, எங்கள் வழக்கம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுக் கதவைத் திறந்தே வைத்தார்.

தொப்பி சரவணனிடம் இருக்கிறது, அதுதான் முறை. அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த அரைக் குலவை. ஆடி வெள்ளிக்குக் கூழ் பொங்கும்போது அதை முழுதாக்கிப் பார்ப்பதாக இருக்கிறேன். மடப்பள்ளிப் பக்கம் சத்தம் கேட்டால் பதறாதீர்கள். வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.