தலைகீழாய்த் தைத்த பட்டை

பழைய போட்டோவைக் கொண்டுவந்து, இவர் பட்டாளத்துக்காரரா போலீஸ்காரரா என்று கேட்கிறவர்கள் இன்னும் என் வீடு தேடி வருகிறார்கள். நான் முகத்தைப் பார்ப்பதில்லை. பட்டன், தோள்பட்டை, தொப்பிச் சின்னம், அவ்வளவுதான். மலாயாவில், திகாம் பத்துவில் என் அப்பா தையல்கடை வைத்திருந்தார். போலீஸ், ரயில்வே, பட்டாளம் என்று அந்தக் கடைக்கு வந்த காக்கிக்கெல்லாம் பட்டனும் பட்டையும் தைத்தவள் நான். ஒன்றை மாற்றித் தைத்தால் அளவு நாடாவாலேயே முதுகில் ஒரு போடு விழும்.

என் வீட்டுக்காரரின் போட்டோவும் முதலில் அந்தக் கடைக்குத்தான் வந்தது. மாப்பிள்ளைக்கு லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை, அதற்கு முன்னால் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சார்ஜண்ட் என்று தரகர் அளந்தார். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. எனக்கு மங்கவில்லையே! சட்டைக் கையில் இருந்த மூன்று சார்ஜண்ட் பட்டைகளும் தலைகீழ். கீழே பார்க்க வேண்டிய கூர் மேலே பார்த்தது. பட்டன்கள் ரயில்வே கோட்டில் வருகிற தட்டைப் பட்டன்கள். ஸ்டூடியோவில் வாடகைக்குக் கொடுக்கிற கோட்டு அது. ஆளோ மூச்சை அடக்கி, நெஞ்சை நிமிர்த்தி நின்றிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிடித்தும் போய்விட்டது. சம்மதம் என்றேன். எனக்குத் தெரியும் என்று மட்டும் அவரிடம் சொல்லவேயில்லை.

ஜப்பான்காரன் வந்த பிறகு, வெள்ளைக்காரனிடம் பட்டாளத்தில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். எங்கள் பக்கத்தில் லாரியில் ஏற்றிக் கொண்டுபோன யாரும் திரும்பவில்லை. அந்தப் போட்டோவை அடுப்பில் போடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். மனிதர் கேட்டால்தானே. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை முழுவதுமே அவரை ‘சார்ஜண்ட்’ என்றுதான் கூப்பிட்டது, அந்தப் பேரை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. மரவள்ளிக்கிழங்கு டின்னுக்கு அடியில் ஒளித்துவைத்தார்.

ஒருநாள் காலை, பால்வெட்டுக்குப் போகுமுன் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்திலேயே எங்களை நிறுத்திவிட்டு வீடு வீடாகச் சோதித்தார்கள். சாமான்களை வாசலில் கொட்டினார்கள். அப்பா கடையிலிருந்து கொண்டுவந்த என் தையல் பெட்டியும் வந்து விழுந்து சிதறியது. பின்னாலேயே ஒரு சிப்பாய் போட்டோவோடு வந்தான்.

அதிகாரி அதைப் பார்த்தான், பிறகு இவரைப் பார்த்தான். மண்டியிட வைத்தார்கள். ஜப்பான் பேச்சு கொஞ்சம் கற்றிருந்த தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணிதான் மாற்றிச் சொன்னான். எந்தப் பட்டாளம், கூட இருந்தவர்கள் எங்கே என்று கேட்டார்கள். இவர் வாயே திறக்கவில்லை. பயமா, வீம்பா, இன்றுவரை எனக்குத் தெரியாது. துப்பாக்கிக் கட்டையால் முதுகில் இடித்தார்கள். லாரியின் பின்கதவைத் திறந்தார்கள்.

எங்கள் வாசல் களத்தை ஒட்டித்தான். மண்ணில் கிடந்த பட்டன்களில் ரயில்வே பட்டன் ஒன்று, பட்டாளத்துப் பட்டன் ஒன்று பொறுக்கிக்கொண்டு அதிகாரி முன்னால் போய் நின்றேன்.

“அக்கா, பேசாம இருங்க லா. உங்களையும் சேத்து ஏத்திருவான்” என்றான் கிராணி.

“நான் சொல்றத அப்படியே சொல்லு தம்பி. இவரு ஒருநாளும் பட்டாளத்துல இருந்ததில்ல. அது வாடகைக் கோட்டு. பட்டை தலைகீழா இருக்கு, பட்டன் ரயில்வே பட்டன். கட்டிக்கிறதுக்கு முன்னயே எனக்குத் தெரியும்.”

லயம் முழுவதும் கேட்டது. அப்போதுதான் அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

அதிகாரி என் கையிலிருந்த தட்டைப் பட்டனைப் போட்டோமேல் வைத்தான். பட்டாளத்தின் குமிழ்ப் பட்டனையும் வைத்துப் பார்த்தான். குனிந்து வெகுநேரம் பார்த்தவன், திடீரென்று சிரித்தான். இவர் கன்னத்தில் மாறிமாறி இரண்டு அறை விட்டு, போட்டோவை மடியில் எறிந்தான். லாரி வெறுமையாகப் போனது.

நான் நிம்மதியில் ஓவென்று அழுதேன். அவர் அழவில்லை. அன்று முதல் லயத்து ஆண்கள் அவரைக் கண்டால் கேலியாக இடதுகையால் சல்யூட் அடித்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

“தெரிஞ்சே ஏன் கட்டிக்கிட்ட?”

பிடித்திருந்தது என்று சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? “சார்ஜண்டுக்குத்தான் கழுத்த நீட்டணும்னு சட்டமா?” என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

இந்தியாவை மீட்கப் போகிற படைக்கு ஆள் சேர்ப்பதாகச் சுங்கை பட்டாணியில் கூட்டம் போட்டார்கள். கேட்கப் போனவர் பேர் கொடுத்துவிட்டு வந்தார். காலைப் பிடித்துக் கெஞ்சினேன். போய்விட்டார். பர்மாப் பக்கம் போன அவர் திரும்பி வரவேயில்லை.

அவர் போய்ச் சில மாதத்தில் ஒரு போட்டோ மட்டும் அனுப்பியிருந்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தொப்பி சரியாக இருந்தது. தோள்பட்டை சரியாக இருந்தது. பட்டன் எல்லாம் ஒரே வகை. கையில் பட்டை கிடையாது, சாதாரணச் சிப்பாய். எங்கேயாவது ஒரு தப்பு இருக்காதா என்று அன்று பொழுது சாயும்வரை தேடினேன். எல்லாம் சரியாகவே இருந்தது.