உடம்பு போட்ட ஆண்டு

கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட பூட்ஸ் இரண்டும் அடிக்கொருதரம் நெஞ்சில் மாறிமாறி இடிக்க, அம்பாறையிலிருந்து கிழக்கே போகும் தார் றோட்டில் நடந்துகொண்டிருந்தேன். சிறுபோக அறுப்பு முடிகிற காலம். இருபுறமும் வெட்டிய வயல்களில் வைக்கோல் எரிந்து, புகை வாய்க்காலுக்கு மேல் தாழ்ந்து நின்றது; மூச்சை இழுத்தால் தொண்டை கரித்தது. என்னோடு விளையாட வந்த பொடியன்மாரை ஏற்றிய வேன் பக்கத்தில் வந்து வேகம் குறைந்தபோது நான் வயல்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேன் போய்விட்டது. கல்முனைக்குடிக்கு இன்னும் எத்தனையோ கட்டை தூரம் இருந்தது. எனக்கு அப்போது பதினேழு வயது.

மாவட்ட உதைபந்தாட்ட அணித் தேர்வில் என்னை இரண்டாவது முறையாகக் கழித்திருந்தார்கள். முதல் முறை, உடம்பு இல்லை என்றார்கள். இந்த முறை உடம்பு இருந்தது. ஓட்டம் இல்லை என்றார்கள்.

ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என்னிடம் இருந்த ஒரே சான்றிதழ் கால்கள்தான். மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் கொழும்பில் ஏதாவதொரு கழகம் கண் வைக்கும், வேலையும் போட்டுத் தந்து விளையாடவும் விடும் என்று எங்கள் கோச்சர் சொல்லியிருந்தார். பதினெட்டு வயதுக்குள் நடக்க வேண்டியது அது. எனக்கு இரண்டு தேர்வுகள்தான் மிச்சம் இருந்தன, இரண்டும் போய்விட்டன.

பதினாறு வயதில் என்னைத் "தும்பி" என்று கூப்பிட்டார்கள். இடது ஓரத்தில் பந்து வந்துவிட்டால் பிறகு என்னைப் பிடிக்க ஆள் இல்லை. ஆனால் அந்த முதல் தேர்வில் தடித்த பொடியன் ஒருவன் தோளால் ஒரு தட்டுத் தட்டினான். நான் கோட்டுக்கு வெளியே கிடந்த தண்ணீர் வாளிக்கு மேல் போய் விழுந்தேன். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை அவன் தட்டுவதற்கு முன்பே நான் விழுந்தேன். திரும்பி வரும்போது கோச்சர் என் புறங்கழுத்தைப் பிடித்து, "வேகம் இரிக்கிடா. ஆனா காத்தடிச்சா விழுறாய். இன்னும் ஒரு வருசம் இரிக்கி. போய் உடம்பு போட்டுக்கிட்டு வா" என்றார்.

இந்த "உடம்பு" என்ற சொல்தான் என்னைக் கெடுத்தது. எங்கள் பக்கம் கலியாணம் முடித்து மூன்று மாதத்தில் கன்னம் ஊதிய பொம்பிளையும் "உடம்பு போட்டிரிக்கா", சவூதியிலிருந்து வயிறோடு வந்திறங்குபவரும் "உடம்பு போட்டிரிக்கார்", மழைக்குப் பிறகு புல் மேய்ந்த மாடும் "உடம்பு போட்டிரிக்கி". கொழுப்புக்கும் பாரத்துக்கும் பலத்துக்கும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். தசை என்ற சொல் விஞ்ஞானப் புத்தகத்தில் இருந்தது, அந்தப் புத்தகம் என்னிடம் இல்லை.

உம்மா தன் பங்கை அன்றைக்கே தொடங்கிவிட்டா. விடிய முட்டைக் கோப்பி, பகல் மேலும் ஒரு கோப்பை சோறு, வெள்ளிக்கிழமை மாட்டெலும்பு சூப். "தின்னு மகன், பலமில்லாமத்தானே விழுத்துறானுகள்" என்று பக்கத்திலேயே இருந்து பார்ப்பா. அடுத்த வீட்டுப் பௌசியா மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன ராத்தா, மகனக் குர்பானுக்கு வெட்டவா வளக்குறீங்க?" என்று கேட்டதும் உம்மா சிரித்தா, ஆனால் என் முன்னாலிருந்த சோற்றுக் கோப்பையை எடுக்கவில்லை.

என் பங்கை நான் கடற்கரையில் தேடினேன். மாரி முடிந்து கடல் அடங்கிக் கரைவலைக் காலம் தொடங்கும்வரை பொறுத்திருந்தேன். தோணி கடலுக்குள் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு வரும். அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். இடுப்பில் ஒரு வாரைக் கட்டி, அதைப் பெரிய கயிற்றில் கொளுவி, கடலைப் பார்த்தபடி பின்னுக்கு நடக்க வேண்டும். கரையில் நின்ற தென்னைகள் வரை போனதும் கழற்றிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு வந்து மறுபடி கொளுவ வேண்டும். கரைவலை இழுப்பவர்களின் தொடைகளைப் பார்த்தவர்கள் வேறு உடம்பைத் தேடமாட்டார்கள். சம்பளம் வேண்டாம், கறிக்கு மீன் தந்தால் போதும் என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

முதல் நாள் எனக்குப் பின்னால் கயிற்றில் நின்றவர், எல்லாருக்கும் அண்ணன் முறையான இஸ்மாயில் காக்கா. வாய் மூடாத மனிதர். நான் பழக்கத்தில் முன்னங்காலில் நின்று இழுப்பதைப் பார்த்துவிட்டு, "டேய் பந்தடிக்காரன், கோழி கிளறுற மாதிரி என்னத்துக்கு விரல்ல நிக்காய்? குதிய ஊண்டு! குதிய மண்ணுக்க குத்திப் போட்டு உக்காரு!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் குதியை ஊன்றினேன். கயிறு உடனே இளகி என் பக்கம் வந்தது. "ஆ, இப்ப மனிசன்" என்றார் காக்கா.

ஐந்து மாதம் அப்படி இழுத்தேன். மெல்ல, நீளமாக, பின்னுக்கு, குதியில். காற்சட்டை தொடையில் ஏறாமல் போனது. உம்மா இரண்டு பக்கமும் தையலைப் பிரித்துத் துணி வைத்துத் தந்தா. பின்னேரம் மைதானத்துக்குப் போகும்போது கால்கள் ஈரச் சாக்கு மாதிரி இருக்கும். ஓட மனம் வராது. அதனால் பந்து வரும் இடத்தில் நின்றுகொண்டேன், வருகிறவனைத் தோளால் தள்ளினேன், அவன் விழுந்தான். "அடே, இவன இப்ப ஒருத்தனாலயும் அசைக்க ஏலா" என்று பொடியன்மார் கைதட்டினார்கள். என் ஓட்டத்தை அளக்க யாரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அந்த ஐந்து மாதத்தில் ஒருநாளாவது முழு வேகத்தில் ஓடினேனா என்று இப்போது யோசித்தால், இல்லை.

இரண்டாவது தேர்வில் அதே தடித்த பொடியன் வந்தான். இந்தக் கட்டத்தைத்தான் நான் ஒரு வருடமாக மனதுக்குள் விளையாடிக்கொண்டிருந்தேன். பந்து ஓரத்தில் வந்தது, அவன் தோளைத் தந்தான், நானும் தந்தேன். அவன் விழுந்தான். மல்லாக்க. எனக்கு முன்னால் பந்து தனியே உருண்டுகொண்டிருந்தது. அதற்கு அப்பால் கோல்காப்பாளன் மட்டும். ஓடினேன். என் மூச்சுச் சத்தம் கேட்டது, என் கால்கள் நிலத்தில் விழும் சத்தம் கேட்டது. பந்து கிட்ட வரவில்லை. எங்கிருந்தோ ஒரு சின்னப் பொடியன், போன வருடத்து என்னைப்போல் ஒருவன், என்னைக் கடந்து போய்ப் பந்தை வெளியே தட்டிவிட்டான். அதற்குப் பிறகு நடந்த ஓட்டத் தேர்வில் மணிக்கூடு சொன்னதும் அதைத்தான்.

கோச்சர் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்தார்.

"குதியில ஓடுறாயேடா! ஆருடா உன்னக் குதியில ஓடப் பழக்கின?"

"நான் வலை இழுத்த, கோச்சர். நீங்கதானே உடம்பு போடச் சொன்ன."

"உடம்பு போடச் சொன்னா வலை இழுக்கிறதா?"

"உடம்பெண்டா என்னண்டு நீங்க சொல்லல்லையே!"

அவர் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து திறந்து மூடினார். பிறகு, "எனக்கும் அவ்வளவுதான்டா தெரியும். என்னட்ட ஒரு விசிலும் நாலு பந்தும்தானே இரிக்கி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கூட்டியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

பிற்காலத்தில் பல ஊர்களில் பல வேலைகள் பார்த்தேன். கத்தாரில் ஒரு உடற்பயிற்சிக்கூடத்தில் தரை துடைத்தபோது, பந்து விளையாடும் இளம் பொடியன்மார் வந்து பயிற்சி எடுப்பதைத் துடைப்பத்தோடு நின்று பார்ப்பேன். பாரத்தை முதுகில் வைத்துக் குந்துவார்கள், வெடித்தாற்போல் எழும்புவார்கள். நாலைந்து தடவை, அவ்வளவுதான். பிறகு நன்றாக இளைப்பாறுவார்கள். பெட்டிக்கு மேல் பாய்வார்கள். ஓட்டம் வேறு நாளில், கால் களைக்காமல் இருக்கும்போது, குறுந்தூரம், முழு வேகம். வேகம் குறைந்ததும் பயிற்றுவிப்பவர் நிறுத்திவிடுவார். ஏன் இப்படி என்று நான் ஒருநாள் வாயைத் திறந்து அவரிடம் கேட்டேன். "மெதுவாக உழைத்த கால் மெதுவாகத்தான் இருக்கும். பலம் கூடும்போது ஓட்டத்தை விட்டுவிடக்கூடாது" என்று, ஏதோ எல்லாருக்கும் தெரிந்த விஷயம்போலச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை அதைச் சொல்ல. அந்த ஒரு நிமிடத்தை எனக்குப் பதினாறு வயதில் தர எங்கள் கரையில் ஒரு ஆள் இருக்கவில்லை. அன்று துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கரைவலையை இப்போது உழவு இயந்திரம் இழுக்கிறது. கயிறு உருளையில் சுற்றிக்கொண்டு வர, ஒருவர் மட்டும் இருக்கையில் இருந்து கைபேசி பார்க்கிறார். பின்னுக்கு நடக்க ஆள் தேவையில்லை. இஸ்மாயில் காக்கா இல்லை. நாங்கள் வார் கழற்றிய தென்னைகளில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பொடியன்மார் பிரதான வீதியில் கண்ணாடி போட்ட உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போய், மாவைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்துக் கையை மடக்குகிறார்கள். "காக்கா, உடம்பு போட்டிரிக்கமா?" என்று ஒருவன் என்னிடமே கேட்டான். கால் வேகமாக இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டேன். அவன் சிரித்தான். சொல் மட்டும் மாறாமல் அப்படியே இருக்கிறது.

தேர்விலிருந்து நடந்து வந்த அன்றைக்கு, சம்மாந்துறை வருவதற்கு முன், இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று என்னருகில் நின்றது. பின்பெட்டி நிறைய நெல் மூட்டை. வரிப்பத்தான்சேனை ஆள், சம்மாந்துறை ஆலைக்குக் கொண்டுபோகிறார்.

"எங்க தம்பி, இந்த வெயிலுக்க?"

"கல்முனைக்குடிக்கு."

"நடந்தா? ஏறு, ஏறு." ஏறியதும் என் தோளையும் தொடையையும் மாடு பார்ப்பதுபோல் பார்த்தார். "நல்ல உடம்பு தம்பி, மாஷா அல்லாஹ். என்ன தொழில்?"

அந்த உடம்பைப் புகழ்ந்த முதல் வெளியாள் அவர்தான். தொழில் இல்லை என்றேன். ஆலையில் மூட்டை ஏற்ற ஆள் தேடுகிறார்கள், விடிய வந்து தன் பெயரைச் சொல்லும்படி சொன்னார்.

அடுத்த நாள் விடிய உம்மா தந்த முட்டைக் கோப்பியைக் குடித்துவிட்டுச் சம்மாந்துறைக்கு பஸ் ஏறினேன். மேற்பார்வை பார்த்தவர் என்னை ஒருதரம் ஏறஇறங்கப் பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல், சாக்கைக் காட்டினார். இரண்டு பேர் தூக்கி என் முதுகில் வைத்தார்கள். பாரமாகவே தெரியவில்லை. லொறி நின்ற இடத்துக்கு, பழைய பழக்கதோஷத்தில், எட்டி ஓடினேன்.

"டேய், டேய், புதுப் பொடியன்!" என்று அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "இஞ்ச ஓடத் தேவல்ல. மெல்ல நட."