கண்டக்டர் அக்காவின் தோளில் ஒரு தூக்கம்

என் மகள் அன்றைக்குக் கண்டக்டர் அக்காவின் தோளில் தூங்கிப்போகாமல் இருந்திருந்தால், எங்கள் அணி ஜெயித்திருக்குமா?

போன சங்கராந்தி விடுமுறையில் திருப்பதியில் நடந்த கூடைப்பந்து மேட்ச் அது. இதோ அடுத்த சங்கராந்தி வரப்போகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது ஒரு பதில் சரி என்று படும். துணி காயப்போடும்போது அதுவே தப்பென்று படும்.

சித்தூரில் ஒரு பெண்கள் அணி இருக்கிறது. விளையாடுகிறவர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். கேப்டன் அக்கா அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, ஐம்பதை நெருங்குகிறவர். ஒரு காலத்தில் இவர்கள் திருப்பதியில் கோப்பை வாங்கியவர்கள். பிறகு வருடா வருடம் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியிருக்கிறார்கள். அப்படித் திரும்பிய ஒரு பஸ் பயணத்தில்தான் கேப்டன் அக்கா, "இளசா ரெண்டு பேரைச் சேர்த்தா ஆடலாம். இல்லைன்னா ஷூவைக் கழட்டிப் பரண்ல போட்டுடலாம்" என்றாராம்.

அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி. என்னைப் பிடித்த கதையைச் சொன்னால் என் கணவர் இப்போதும் சிரிப்பார். நான் கல்யாணமாகி வேலூரிலிருந்து சித்தூருக்கு வந்தவள். காலையில் குப்பை வண்டி வரும்போது எங்கள் மாடியிலிருந்து இறங்கி ஓடுவேன். அன்றைக்கு மகள் இடுப்பில் இருந்தாள், காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, கீழே விடப் பயம். வண்டியோ நகர ஆரம்பித்துவிட்டது. முடிச்சுப் போட்ட குப்பைப் பையை ஒற்றைக் கையால் மாடியிலிருந்தே எறிந்தேன். ஓடுகிற வண்டிக்குள் சரியாகப் போய் விழுந்தது.

கீழே நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று அண்ணாந்து பார்த்தார். அவர்தான் கேப்டன் அக்கா என்று அப்போது எனக்குத் தெரியாது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எக்கட ஆடாவு, அம்மாயி?" என்றார். எனக்குப் புரியாததைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "எங்கம்மா ஆடிக்கினு இருந்த? காலேஜ் டீமா?"

கல்லூரியில் மூன்று வருடம் ஆடியது உண்மைதான். ஆனால் அதை ஒரு குப்பைப் பை காட்டிக்கொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு புது வரவு பங்காருபாளையத்துப் பெண். மாந்தோப்புக் குடும்பம், எங்கள் எல்லாரையும்விட ஒரு தலை உயரம். அவளைச் சேர்த்த அன்று அவளுடைய நைனா ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து இறக்கினார். "ஆளை வாங்கினா நாமதான் காசு தரணும். இங்க ஆளையும் கொடுத்து பழமும் தர்றாங்க" என்று கண்டக்டர் அக்கா சொன்னார். "அப்ப இவளுக்கு இன்னா விலை?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள் அந்தப் பெண். "இவ குப்பையோட வந்தவ" என்றார் அக்கா. அன்று முழுக்க அதே பேச்சு.

கண்டக்டர் அக்கா சித்தூர் - திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். அணியில் பந்தைக் கூடைக்குள் போடுவது முக்கால்வாசி அவர்தான். நாளெல்லாம் ஆடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த கால்கள். யார் இடித்தாலும் அசையாது. குதிக்கமாட்டார். நின்ற இடத்திலிருந்தே பந்தைப் பலகையில் தட்டி உள்ளே விழவைப்பார். பந்து போனதும் "ரைட் ரைட்" என்று அவரே சொல்லிக்கொண்டு திரும்பி நடப்பார், விழுந்ததா என்று பார்க்கக்கூட நிற்காமல்.

அவர்கள் ஆடுவதைப் பார்த்த முதல் வாரம் எனக்கு வெட்கமாக இருந்தது. நான் கோர்ட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி ஓடி மூச்சு வாங்கினேன். அவர்கள் ஓடவே இல்லை. ஆனால் நான் போய்ச் சேரும் இடத்தில் எனக்கு முன்பே யாராவது நின்றுகொண்டிருந்தார்கள். பந்து எங்கே திரும்பி விழும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. இடுப்பை லேசாக நகர்த்தி வழியை அடைத்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி அமைதியாக நிற்பார்கள். கேப்டன் அக்கா யாரிடமாவது வீட்டுக் கதை பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், என் கைக்குள் பந்தைத் தருவார்.

அவர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. கோர்ட்டைவிட்டு வெளியே வருகிறவர் பெஞ்சில் இருக்கும் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பெஞ்சில் கை மாறிக் கை மாறி வளர்ந்தவர்கள். "எங்க பெரியவன் இந்தப் பெஞ்சைப் பிடிச்சுக்கினுதான் நடக்கக் கத்துக்கினான். இப்ப பெங்களூர்ல கார் ஓட்டறான்" என்றார் கேப்டன் அக்கா. பல வருடங்களாகப் பெஞ்சில் பிள்ளை இல்லை. நான் என் மகளோடு போனதும் வழக்கம் தானாகத் திரும்பி வந்துவிட்டது. யாரும் எனக்கு விளக்கவில்லை. முதல் நாள் நான் கோர்ட்டில் இருந்தபோது அவள் அழுதாள். நான் திரும்புவதற்குள் கண்டக்டர் அக்கா அவளைத் தூக்கி, "டிக்கெட் எடுத்தியா பாப்பா? எங்க போகணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அழுகை நின்றுவிட்டது.

திருப்பதிக்குப் புறப்பட்ட அன்று மகளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வெதுருகுப்பத்திலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த என் மாமியார், "சளியோட புள்ளைய எங்க தூக்கிக்கினு போற? எங்கிட்ட விட்டுட்டுப் போயேன்" என்றார். கண்டிப்பு இல்லை, கேள்விதான். கேட்டுக்கொண்டே கம்பளிக் குல்லாவையும் அவரே மாட்டிவிட்டார். விட்டுப் போனால் ராத்திரி என்னைத் தேடுவாளோ, கொண்டு போனால் சளி நெஞ்சில் இறங்குமோ என்று மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். கடைசியில் தூக்கிக்கொண்டேன்.

முதல் மேட்சை ஜெயித்தோம். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு முதல் சுற்றைத் தாண்டிவிட்டோம் என்று கேப்டன் அக்கா எல்லாருக்கும் கரும்புச்சாறு வாங்கித் தந்தார். மறுநாள் அரையிறுதி. எதிரே திருப்பதிக் கல்லூரிப் பெண்கள். எல்லாரும் இருபதுக்குப் பக்கத்தில். கேலரியிலிருந்து பையன்கள் கத்தினார்கள்: "மெல்லகா ஆண்ட்டி, மெல்லகா!" மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். கண்டக்டர் அக்கா திரும்பி, "டேய், நாளைக்குச் சித்தூர் பஸ்ல நீதானே ஏறுவ? சில்லறை வெச்சுக்கோ" என்றார். அந்தப் பையன்களே சிரித்துவிட்டார்கள்.

அன்று அவர்கள் ஆடியதை என்னால் மறக்க முடியாது. அந்தப் பெண்கள் காற்றாய்ப் பறந்தார்கள். எங்கள் அக்காமார்கள் கூடைக்கு முன்னால் கைகளை விரித்துச் சுவர் கட்டினார்கள். கூடை தவறிய பந்துகளை எல்லாம் பங்காருபாளையத்துப் பெண் மேலிருந்து பறித்தாள். கண்டக்டர் அக்கா பலகையில் தட்டித் தட்டிப் போட்டார். பாதி ஆட்டத்தில் நாங்கள் முன்னால் இருந்தோம். கேலரியில் "ஆண்ட்டி" குறைந்து "அக்கா" ஆனது.

கடைசி கால் பகுதியில் கண்டக்டர் அக்கா மூச்சு வாங்கிக்கொள்ள வெளியே போனார். வழக்கப்படி என் மகளை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கேப்டன் அக்காவுக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தது. அவர் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். அப்போது நாங்கள் ஒரு புள்ளி பின்னால். உள்ளே வர வேண்டியது கண்டக்டர் அக்கா. எல்லாரும் பெஞ்சைப் பார்த்தோம்.

என் மகள் தூங்கிவிட்டிருந்தாள். குல்லா நழுவி, வாய் திறந்து, ஒரு கை அக்காவின் பனியன் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. கேப்டன் அக்கா பிள்ளையை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினார். நான் கோர்ட்டிலிருந்து பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். கண்டக்டர் அக்கா தலையை ஆட்டி வேண்டாம் என்றார். பக்கத்திலிருந்த இன்னொரு அக்காவை உள்ளே போகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துச் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தார்: "ரைட் ரைட்."

கடைசிப் பந்து என்னிடம் வந்தது. முன்னால் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள், அவளும் எட்டத்தில். போட்டேன். வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. விசில் ஊதினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நான் அக்காவிடம் கேட்டேன். "ஏன்க்கா உள்ள வரல?"

"பாப்பா அப்பத்தான் தூங்குச்சு. சளி வேற. எழுப்பினா அழுவும்" என்றார்.

"கேப்டன் அக்கா கை நீட்டினாங்களே."

"அவ கை எலும்பு. பாப்பாவுக்குக் குத்தும்."

பின்சீட்டிலிருந்து கேப்டன் அக்கா, "உன் தோள் மட்டும் பஞ்சு மெத்தையா? காணிப்பாக்கம் வரைக்கும் அதையே சொல்லிக்கினு வா" என்றார். சிரித்தார்கள். தோற்றுத் திரும்புகிறவர்கள் மாதிரியே இல்லை. ஆனால் சித்தூரில் இறங்கும்போது கண்டக்டர் அக்கா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். தினம் ஓடுகிற பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர். முழங்கால் வீங்கியிருந்ததோ என்னவோ. மறுநாள் காலை அவர் டூட்டிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் வீக்கம் இல்லையா, வீக்கத்தோடுதான் போனாரா?

இதோடு விட்டிருப்பேன். இந்த வருடம் எங்கள் அணியில் இன்னொருத்தி சேர்ந்தாள். எங்களைத் தோற்கடித்த கல்லூரி அணியில் ஆடியவள். கடைசிப் பந்தின்போது என் முன்னால் நின்ற அதே பெண். படிப்பு முடிந்து சித்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. விளையாட வேறு அணி இல்லை, எங்களிடம் வந்துவிட்டாள். முதல் நாள் பயிற்சியில் கண்டக்டர் அக்கா, "வா வா, நீதானே ஆண்ட்டின்னு கூப்பிட்டவ" என்று காதைத் திருகினார். "நான் இல்லக்கா, கேலரிக்காரங்க" என்று அவள் நெளிந்தாள்.

பயிற்சி முடிந்து தண்ணீர் குடிக்கும்போது அவள் என்னிடம் சொன்னாள்: "அன்னைக்கு எங்க கோச் உங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லலக்கா. பெஞ்ச்ல பாப்பாவோட உக்காந்திருந்த அக்காவையே பாருங்க, எப்ப வேணா எந்திரிச்சு வருவாங்கன்னு கத்திக்கினே இருந்தார். நாங்க பாதி பேர் அவங்களைத்தான் பார்த்துக்கினு இருந்தோம். அதான் உங்க முன்னாடி இடம் கிடைச்சுது."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அக்கா பிள்ளைக்காக உட்கார்ந்தாரா, முழங்காலுக்காகவா, எனக்கு இடம் கிடைக்கட்டும் என்றா? கேட்டால் மறுபடியும் தோள், எலும்பு என்று ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவார்.

இந்த அணியால் இன்னும் ஜெயிக்க முடியுமா என்று என் கணவர் கேட்கிறார். முடியும் என்றே நம்புகிறேன். பங்காருபாளையத்துப் பெண் இப்போது ஓடாமல் நிற்கக் கற்றுக்கொண்டாள். புதியவளின் வேகம் இருக்கிறது. கேப்டன் அக்காவின் கை இன்னும் பார்க்காமலே பந்து தருகிறது. எல்லாவற்றுக்கும் மேல், கடைசி நிமிடங்களில் கண்டக்டர் அக்கா கோர்ட்டில் இருந்தால் நாங்கள் கோப்பையைத் தூக்கிவிடுவோம்.

என் சிக்கலே அதுதான். மாமியார் இந்த முறை மகளை வெதுருகுப்பத்தில் வைத்துக்கொள்கிறேன் என்கிறார். அவள் வளர்ந்துவிட்டாள், ஒரு ராத்திரி இருப்பாள் என்கிறார். நானும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அன்று பயிற்சியில் கண்டக்டர் அக்கா, "பாப்பா இல்லாம பஸ் ஏறாதே, இறக்கி விட்டுடுவேன்" என்றார். அதுவும் சிரித்துக்கொண்டுதான். அவள் இப்போது கனமாகிவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு பெஞ்சிலிருந்து எழும்போது அக்கா ஒரு கையை முழங்காலில் ஊன்றுகிறார்.

பிள்ளையை விட்டுப் போனால் அக்கா கடைசிவரை ஆடக்கூடும். அல்லது, வலிக்கும்போது யாரும் கேள்வி கேட்காமல் உட்கார அவருக்கு இருக்கும் ஒரே காரணத்தை நான் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவளாக ஆகலாம். கொண்டு போனால் என் மகளுக்குச் சளி, அவருக்குச் சுமை, அணிக்கு மறுபடியும் ஒரு புள்ளியில் தோல்வி.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்குகிறது. இதைப் படிக்கிறவர்களில் கைப்பிள்ளையோடு விளையாடப் போனவர்கள், வேலைக்குப் போனவர்கள், அந்தப் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இருப்பீர்கள். குறிப்பாக, உட்கார்ந்தவர்களைத்தான் கேட்கிறேன். உங்கள் மனதில் என்ன இருந்தது? நான் என் மகளைத் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு போகட்டுமா, வேண்டாமா? தயவுசெய்து சொல்லுங்கள்.