நான் எழுந்து போனால் அணைந்துபோகும் கம்ப்யூட்டர்

நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தபடியே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறேன். வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று, கம்ப்யூட்டர் பிராசஸரை அதன் வழக்கமான வேகத்தைவிடக் கூட்டி ஓடவிட்டேன். பக்கத்து பிளாக் அக்காவின் மகள் கல்யாண வீடியோவில் தொல்லை தொடங்கியது. நான் எதிரில் உட்கார்ந்திருந்தால் ஒழுங்காக ஓடும். சமைக்கப் போய்விட்டு வந்தால், அணைந்து கிடக்கும்.

வேகத்தைக் குறைத்தேன், பிராசஸர் தடுமாறாமல் இருக்க அதற்குப் போகும் வோல்டேஜைக் கூட்டினேன், பலனில்லை. கேமரா கார்டுகளை ஏற்கெனவே அழித்துவிட்டேன். முழுக் கல்யாணமும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அது போய்விட்டால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மதியம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்த கணவர், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்குத் துணி உறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"கரித்தூசி உழுதே. நீ எழுந்து போனா தினம் நான்தான மூடிகினு இருக்கேன்."

உறையைத் தினமும் பார்த்தவள்தான் நானும். அணைந்து கிடந்ததால் மூடியிருக்கிறார் என்று நினைத்தேன். உண்மையில் மூடியதால்தான் சூடேறி அணைந்திருக்கிறது. நான் கூட்டிய வோல்டேஜும் சூட்டை ஏற்றியிருக்கிறது.

உறையை எடுத்ததும் மாலைக்குள் வீடியோ முழுசாக வந்துவிட்டது. அப்போதுதான் மூச்சு வந்தது.

இப்போது வேகத்தைக் கூட்டுவதில்லை. பிரதி எடுக்காமல் கார்டை அழிப்பதில்லை. அந்த உறை மிக்ஸிக்குப் போய்விட்டது. ஆனாலும் மிக்ஸி ஓடும்போது, கணவர் எங்கே நிற்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.