அம்மா கட்டிய ரேடியோ செட்டு

புது ஹோம் தியேட்டர் ரிசீவரை மாட்டி சுவிட்சைப் போட்டதும் பாட்டு வரவில்லை, ஸ்பீக்கர் மெல்ல இரைந்தது. அந்த இரைச்சல் என்னை எட்டு வயதுக்கு இழுத்துப் போனது.

குன்னத்தில் அப்பா கல்யாணங்களுக்கு ரிக்கார்டு பிளேயர், குழாய் ஸ்பீக்கர் எல்லாம் வைத்து ரேடியோ செட்டு கட்டுவார். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை மாற்றிப் புதிதாக டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருந்தார். அதை வைத்துக் கட்டவிருந்த முதல் கல்யாணம் திருமழபாடியில். அன்று பார்த்து அவருக்குக் கடும் காய்ச்சல். அம்மா என்னோடு பஸ் ஏறி, புது ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொம்பளையா செட்டு கட்டப் போவுது?" என்று பந்தலில் ஒருவர் சிரித்தார். அம்மா வேப்பமரத்தில் ஏணி சாத்தி ஏறி, குழாயைக் கட்டினாள். இறங்கி சுவிட்சைப் போட்டால் இரைச்சல் மட்டும்தான் வந்தது. கூட்டமே அவளைப் பார்த்தது. அவள் நிதானமாக ரிக்கார்டு பிளேயர் ஒயரைப் பிடுங்கி, முந்தானையால் துடைத்துச் செருகினாள். நாகஸ்வரம் கொள்ளிடக்கரைவரை கேட்டது.

பெண்ணின் அப்பா ஓடிவந்து, "சின்னவ கல்யாணத்துக்கும் நீங்கதாம்மா வரணும்" என்றார்.

காய்ச்சல் விட்டதும் அப்பா குழாயில் இருந்த தன் பெயரை அழித்து அம்மா பெயரை எழுதினார்.

"ஏங்க, ஊரு சிரிக்கும்."

"கட்டுனது நீதானே? சிரிச்சா சிரிக்கட்டும்."

அதன்பிறகு யார் வீட்டுப் பிள்ளை என்று யார் கேட்டாலும் நான், "செட்டுக்காரம்மா மவ" என்றே சொன்னேன்.